ஆடி மாதமும் இரண்டு மரக் கேபின்களும்

திருமானூர்,
ஆடி 9.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி, பாடாலூர் திரு. பிச்சைமுத்து அவர்களின் சமூகத்துக்குத் திருமானூர் பாலசுந்தரம் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான், என் மனைவி சிந்தாமணி, தங்கள் மருமகள் பூங்குழலி, கறவை மாடுகள் இரண்டு, வாய்க்கால் மேட்டுக் கரும்பு எல்லாரும் நல்லபடி இருக்கிறோம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மா மலர்கொடி அவர்களும் மாப்பிள்ளை அரவிந்தனும் தாங்கள் பட்டறை போட்டு அடுக்கிக் காய வைத்திருக்கும் விதை வெங்காயமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். ஆடி ஒன்றாம் தேதி சீரோடு வந்து பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பிய அன்று தாங்கள் போட்ட சாப்பாட்டில் இருந்த எண்ணெய்க் கத்தரிக்காயைப் பற்றி சிந்தாமணி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். என் காதே புளித்துவிட்டது.

போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று தாங்கள் நினைக்கலாம். தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். நான் தங்களை ஒன்று கேட்டால் சம்பந்தியம்மா அடுப்படியிலிருந்து பதில் சொல்வார்கள். குறையாகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஆனால் இது நடுவில் யாரும் புகாமல் கடைசிவரைக்கும் கேட்கவேண்டிய சங்கதி. படித்து முடிக்கும்வரை கோபப்படக் கூடாது. முடித்த பிறகு தாராளமாகக் கோபப்படலாம்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை ஆடி இருபத்தெட்டாம் தேதி சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறார். ஏறினால் இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது. வைகாசியில் கல்யாணம் முடிந்ததிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து இருந்தது ஒரு மாதமும் சில்லறை நாளும். அந்த நாளும் எங்கே போயிற்று என்று தங்களுக்கே தெரியும். உங்கள் பக்கத்து விருந்து பதினேழு வீடு, எங்கள் பக்கம் பதினான்கு வீடு. காலையில் ஒரு வீட்டில் இட்லியும் ஆட்டுக்கால் பாயாவும், மதியம் இன்னொரு வீட்டில் கோழி, சாயங்காலம் மூன்றாவது வீட்டில் "ஒரு வாய் மட்டும்" என்று சொல்லி ஒரு குண்டான். மாப்பிள்ளையின் கல்யாணச் சட்டைக்கு இப்போது பட்டன் போட முடியவில்லையாம். நான் என் பெண்ணிடம், "ஏம்மா, மாப்பிள்ளை என்ன சொல்றாரு, குணம் எப்படி?" என்று ஒரு தகப்பனாக விசாரித்தேன். அவள், "எனக்கு எப்படிப்பா தெரியும்? அவரோட நான் எங்க பேசுனேன்? சாப்பிட்டதுதான்" என்றாள். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

இந்த நிலையில் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்பதால் பெண் தாய் வீட்டில் இருக்கவேண்டும் என்பது தங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான வழக்கம். அதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. அன்று தங்கள் வாசலில் நாங்கள் வேன் ஏறும்போது சம்பந்தியம்மா, "ஆடி முடியிற வரைக்கும் எம்புள்ள அரியலூரைத் தாண்டக்கூடாது" என்று தெருவே கேட்கச் சொன்னார்கள். நான் அப்போதே தலையாட்டினேன். இன்றும் ஆட்டுகிறேன். ஆனால் பூங்குழலி ஒரு யோசனை சொல்கிறாள். தரங்கம்பாடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிச் சவுக்குத் தோப்புக்குள் மரத்தால் கேபின் கட்டி வாடகைக்கு விடுகிறார்களாம். கேபின் என்றால் நம் தோட்டத்து மோட்டார் கொட்டகை மாதிரிதான், ஆனால் உள்ளே மெத்தை, ஏ.சி., கண்ணாடிக் கதவு. அங்கே போய் இரண்டு நாள் தங்குவதற்குக் கேம்ப் என்று பெயர். அவள் போனில் படம் காட்டினாள். "நீங்க எல்லாரும்கூட வாங்கப்பா, ஆனா நாங்க ரெண்டு பேரும் ஒரு இடத்துல கொஞ்சம் பேசிக்கிட்டு இருந்துட்டு வரணும்" என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்து எதையும் கேட்காத பிள்ளை அது. தாவணி எடுக்கப் போனாலும் விலை குறைந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு இதுதான் பிடிச்சிருக்கு என்பாள். அதனால்தான் இந்தக் காகிதம். தாங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும், சம்பந்தியம்மாவையும் சொல்ல வைக்கவேண்டும்.

தாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே ஒரு காரியம் செய்துவிட்டேன். முன்பின் தெரியாத இடத்துக்கு இரண்டு குடும்பத்தை எப்படி அனுப்புவது? மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற மாதிரி முறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று முந்தாநாள் கிளம்பினோம். ஒற்றைப்படையாக இருக்கவேண்டுமே என்று நான், சிந்தாமணி, அவள் தம்பி வீரமணி மூன்று பேர். வீரமணியின் குட்டியானைச் சரக்கு வண்டியிலேயே போனோம். முன்சீட்டில் மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்ததில், மயிலாடுதுறை போவதற்குள் என் இடது தோள் எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. தாம்பூலத் தட்டு, பூ, ஒரு சீப்பு வாழைப்பழம், எல்லாம் சிந்தாமணி மடியில். கேட்டில் இருந்த காவலாளி எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, "சாமான் இறக்குறவங்கல்லாம் பின்பக்கம் வாங்க" என்றான். வீரமணிக்கு வந்ததே கோபம். "யோவ், நாங்க பொண்ணு வூட்டுக்காரங்கய்யா!" என்று கத்தினான். காவலாளி ஒன்றும் புரியாமல் கேட்டை முழுசாகத் திறந்துவிட்டான்.

உள்ளே மேனேஜர் ஒரு பெண்பிள்ளை, ஜெயசுதா என்று பெயர், முப்பது வயது இருக்கும், கையில் வாக்கிடாக்கி. நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை. நாங்கள் போய் உட்கார்ந்ததும் இளநீரை வெட்டி மூன்று பேருக்கும் நீட்டினாள். நான் கும்பிட்டு, "இருக்கட்டும்மா. பேசி முடிவாகறதுக்கு முன்னால கை நனைக்கிறது எங்க வழக்கமில்ல" என்றேன். அவளுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இளநீர் சுத்தமில்லை என்று நாங்கள் நினைத்துவிட்டதாக எண்ணி மோர் கொண்டுவரச் சொன்னாள். வேண்டாம் என்றோம். எலுமிச்சை ஜூஸ் வந்தது. கும்பிட்டோம். கடைசியில் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டிலையே கொண்டுவந்து, "சார், இது கம்பெனி தண்ணி சார், பாருங்க, தேதிகூடப் போட்டிருக்கு" என்று காட்டினாள். நானும் தேதியைப் பார்த்தேன், நல்ல தேதிதான், ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. வீரமணி அந்த இளநீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, சட்டுபுட்டுனு முடிவு பண்ணுங்க மாமா, நாக்கு ஒட்டிக்கிச்சு" என்று என் காதில் சொன்னான். சிந்தாமணி அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

பிறகு கேட்கவேண்டியதையெல்லாம் முறையாகக் கேட்டேன். பூர்வீகம் எது, இடம் சொந்தமா குத்தகையா, எத்தனை ஏக்கர், கிணற்றுத் தண்ணீர் உப்பா நல்லதா, அக்கம்பக்கத்து ஆட்கள் எப்படி. ஜெயசுதா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். ஒரு கட்டத்தில், "சார், நீங்க ரெண்டு நாள் தங்கத்தானே வர்றீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். சரி சார் என்றாள். ராத்திரியில் விறகு அடுக்கித் தீ மூட்டி எல்லாரும் சுற்றி உட்காருவார்கள், அதுதான் கேம்ப்பில் விசேஷம் என்றும் சொன்னாள். வீரமணி, "ஏங்க, இந்த வெக்கையிலயா? கரண்ட் வராதா?" என்று கேட்டான். "கரண்ட் இருக்குங்க சார், அது ஒரு ஃபீலு" என்றாள். அவனுக்குக் கடைசிவரைக்கும் புரியவில்லை. வெட்டிய கரும்பின் காய்ந்த சோகையைக் கொளுத்தி மூஞ்சி வெந்துபோன ஆளிடம் போய் இதைச் சொன்னால் எப்படிப் புரியும்?

கேபினைத் திறந்து காட்டினாள். சம்பந்தி, நான் பொய் சொல்லமாட்டேன், அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு சுற்று சுற்றி வந்தேன். ஒரு செங்கல் கிடையாது, ஒரு பிடி சிமெண்ட் கிடையாது, எல்லாம் மரம். தரையில் நடந்தால் நம் காலடி நமக்கே மரியாதையாகக் கேட்கிறது. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் என் அண்ணன் முப்பது வருஷம் வேலை பார்த்து, சிமெண்ட் இல்லாமல் மனுஷன் குடியிருக்கவே முடியாது என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர். அவரை ஒரு நாள் இங்கே கொண்டுவந்து நிறுத்தவேண்டும். வீரமணி சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல தேக்கு மாமா" என்றான், பிறகு ஜெயசுதா அது தேக்கில்லை என்றாள். கட்டில் ஒன்றே ஒன்று, நம் களத்து மேடு அளவு. அதன் மேல் இரண்டு வெள்ளைத் துண்டை மடித்து மடித்து இரண்டு அன்னப்பட்சி செய்து, மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி வைத்திருந்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, ஜன்னலைப் பார்த்தேன். சிந்தாமணி சும்மா இருப்பாளா? நேரே போய் ஒரு அன்னத்தைத் தூக்கி அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். "ஆடி முடியட்டும்" என்றாள்.

அப்புறம்தான் அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்தார்கள். எதிரே கடல்.

சம்பந்தி, எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகிறது. கொள்ளிடத்தில் கரை தட்ட வெள்ளம் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அக்கரையில் விளாங்குடி பஸ் போகிறது தெரியும், சரி, இதற்கும் ஒரு முடிவு இருக்கிறது என்று மனசு சமாதானம் ஆகும். இதற்கு அக்கரையே இல்லை. டி.வி.யில் பார்த்தது ஒன்றுமே இல்லை, டி.வி.யில் அது டி.வி. அளவுதானே இருக்கும். நாம் ஒரு மடைத் தண்ணீருக்கு முறை வைத்து, முறை மாறினால் மண்வெட்டியைத் தூக்கி, பங்காளிக்குள்ளே பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறோம். இங்கே இவ்வளவு தண்ணீர் கேட்க ஆளில்லாமல் கிடக்கிறது! தானாக வருகிறது, தானாகத் திரும்பிப் போகிறது, யாரும் மடை திறக்கவில்லை, யாரும் அடைக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். கோயில் என்று யாரும் சொல்லவில்லை, எனக்குத்தான் செருப்போடு நிற்கக் கூசிற்று. கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதி தூக்கிக்கொண்டு நின்றேன். வீரமணி, எப்போது பார்த்தாலும் தொணதொணக்கிற பயல், வருகிற அலையை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றான். எனக்கு அதுவே பெரிய அதிசயமாக இருந்தது.

சிந்தாமணி மெதுவாக இறங்கிப் போனாள். புடவை நனைகிறதே என்று கத்தினேன், காதில் விழவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். போனேன். ஒரு அலை வந்து காலுக்கடியில் மண்ணை உருவியது, அவள் சடாரென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தொன்பது வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அலை போன பிறகும் விடவில்லை. "என்னங்க, இத்தனை நாளும் இது இங்கதான் இருந்துருக்கு, நாம மூணு மணி நேரத்துத் தொலைவுல இருந்துக்கிட்டு வராமலே போயிருப்போமே" என்றாள். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அழுகை வந்துவிட்டது, உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். திரும்பிவந்து கேபினுக்குள் கைப்பையை எடுக்கப் போனால் கட்டிலில் இரண்டு அன்னமும் பழையபடி சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. யார் எடுத்து வைத்தது என்று தெரியவில்லை. ஜெயசுதாவாக இருக்கும். சிந்தாமணி எனக்கு முன்னால் உள்ளே போய் வந்தாள் என்பது உண்மை, ஆனால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாம் பிடித்துப்போகவே, இரண்டு கேபினுக்கு முன்பணம் வைத்து அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டோம். ஜெயசுதாவுக்குத் தட்டை எப்படி வாங்குவது என்று சிந்தாமணிதான் சொல்லிக்கொடுத்தாள். அதற்கப்புறம் வீரமணி நான்கு இளநீர் குடித்தான்.

இப்போது ஏற்பாட்டைச் சொல்கிறேன், வழக்கத்துக்கு ஒரு துளி பங்கம் வராதபடி யோசித்திருக்கிறேன். ஆடி பதினான்கு, பதினைந்து, இரண்டு நாள். பதினெட்டாம் பெருக்குக்குத் தாலிக்கயிறு மாற்றவேண்டும், அதற்குள் வந்துவிடலாம். கேபின் இரண்டு. ஒன்றில் பெண்கள், அதாவது சம்பந்தியம்மா, சிந்தாமணி, பூங்குழலி. இன்னொன்றில் தாங்கள், நான், மாப்பிள்ளை, வீரமணி. இரண்டு கேபினுக்கும் நடுவில் நாற்பத்திரண்டு அடி, நானே காலால் அளந்து பார்த்தேன். மாப்பிள்ளை அரியலூரைத் தாண்டவேண்டிய அவசியமே இல்லை. தாங்கள் பாடாலூரிலிருந்து திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக வந்தால் அரியலூர் பக்கம் தலை வைத்தே படுக்கவேண்டாம், சம்பந்தியம்மா வாக்கும் அப்படியே நிற்கும். பிள்ளைகள் இருவரும் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் மணலில் உட்கார்ந்து பேசலாம். நாம் சற்றுத் தள்ளிக் குடை பிடித்து உட்கார்ந்திருப்போம், முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொள்வோம். இருட்டினால் அவரவர் கேபின். நம் கேபினில் கதவோரமாக நான் படுத்துக்கொள்கிறேன். கரும்புக் காட்டில் பன்றிக்குக் காவல் இருந்து பழகியவன், சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்துவிடுவேன். சாப்பாடு அங்கேயே போடுவார்கள், இருந்தாலும் பெண் வீட்டார் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டாரை அடுத்தவன் கையால் சாப்பிடவிட்டோம் என்ற பேச்சு வரக் கூடாது, சிந்தாமணி கேஸ் அடுப்பு, அரிசி, இரண்டு குண்டான், மிளகாய்த்தூள் எல்லாம் எடுத்துவைத்துவிட்டாள். தாங்கள் ஒரு கூடை சின்ன வெங்காயம் மட்டும் கொண்டுவந்தால் போதும். திங்கட்கிழமைக்குள் தங்கள் சம்மதத்தை எதிர்பார்க்கிறேன்.

சம்பந்தியம்மா அவர்களுக்கு எங்கள் எல்லாருடைய வணக்கமும், மாப்பிள்ளைக்கு ஆசிகளும். தங்கள் வீட்டில் விளக்கும் வெங்காயமும் என்றும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
பாலசுந்தரம்

பின்குறிப்பு (ஆடி 11): சம்பந்தி, இதை மட்டும் சத்தம் போட்டுப் படிக்கவேண்டாம். மேலே உள்ளதை எழுதி ஒட்டுவதற்கு முன் பூங்குழலியிடம் படிக்கக் கொடுத்தேன், பிழை இருந்தால் சொல்லட்டும் என்று. அந்த ஏற்பாட்டை இரண்டு தடவை படித்தாள். சண்டை போடவில்லை. "நல்லா யோசிச்சிருக்கீங்கப்பா. இருந்தாலும் குடை புடிச்சுக்கிட்டு நாலு பேரு உக்காந்திருக்க நான் அவருகிட்ட என்னப்பா பேசுவேன்? வேணாம்ப்பா, ரெண்டு வருசந்தானே" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை அழகாக மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தேன். சிந்தாமணி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எழுந்துபோய் ஜெயசுதாவுக்குப் போன் போட்டு, பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும்தான் வருவார்கள் என்று சொல்லித் தேதியைப் பதினொன்றுக்கு மாற்றினேன். பிறகு மாப்பிள்ளைக்குப் போட்டேன், அவர் நான் முடிப்பதற்குள்ளே சரிங்க மாமா என்றார். இன்று காலை ஆறு மணி பஸ்ஸில் நானே பெண்ணைக் கும்பகோணம் கூட்டிப்போய் மாப்பிள்ளை கையில் ஒப்படைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். திருச்சி வழியாகத்தான் வந்தாராம், அரியலூரைத் தாண்டவில்லை. உங்களிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார் என்று நான் கேட்கவில்லை, அவர் திரும்பி வந்த பிறகு நீங்களும் கேட்கவேண்டாம். பிள்ளைகள் மேல் ஒரு தப்பும் இல்லை, திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். இரண்டாவது கேபினை என்ன செய்வது என்று ஜெயசுதா கேட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு எழுதிக்கொள்ளம்மா, நானும் என் சம்சாரமும் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம், சாப்பிட்ட பிறகு சொன்னால் நல்லது. அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டு எனக்கு எழுதுங்கள்: சித்திரையிலேயே ஒரு பேத்தி பிறந்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினால், இது ஆகாத மாசம் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்களா?